மூஸ் மான் எவ்வளவு பெரியது? டெல்லியில் இருந்தபடியே அளந்து ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

உலகத்திலேயே பெரிய மான் எது என்று கேட்டால், மூஸ் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடப் பட்டென்று சொல்லிவிடுவார்கள். எவ்வளவு பெரியது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் 200 கிலோ என்பார், இன்னொருவர் 800 என்பார். உயரம் ஏழடி என்று ஒரு கணக்கு, பத்தடி என்று இன்னொரு கணக்கு. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு மூஸை, ஆளுக்கு ஒரு விதமாக அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

டெல்லியில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கோடை விடுமுறைக்கு முன்னால் பிள்ளைகள் 'ஹாலிடே ஹோம்வொர்க்' என்று ஒரு பட்டியலோடு வருவார்கள். விலங்குகளை ஒப்பிட்டு சார்ட் செய் என்பது அதில் அடிக்கடி இருக்கும். இணையத்திலிருந்து நான்கு எண்களை எடுத்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்துவிடும்தான். ஆனால் சரியாக ஒப்பிடக் கற்றுக்கொண்டால், அந்த விலங்கு ஏன் அப்படி இருக்கிறது என்பதே புரிய ஆரம்பிக்கும். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கலாம்.

முதலில் ஒன்று. மூஸை நேரில் பார்க்க டெல்லி சரியான இடம் இல்லை. அது அலாஸ்கா, கனடா, அமெரிக்காவின் வடக்கு, ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து, ரஷ்யா என்று குளிர்ப்பிரதேசங்களில் வாழ்வது. குளிர்காலத்தில் வெப்பம் மைனஸ் 5 டிகிரியைத் தாண்டினாலே அதற்குப் புழுக்கம். கோடையில் 14 டிகிரிக்கு மேல் போனால் மூச்சு வாங்கத் தொடங்கும். நமக்கு டிசம்பர் இரவில் ரஜாய் கேட்கும் குளிர்கூட மூஸுக்கு வெயில் காலம். மே மாதத்து 45 டிகிரியைப் பற்றிப் பேசவே வேண்டாம். எனவே மூஸின் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, டெல்லியில் பார்க்கக் கிடைக்கும் விலங்குகளை அளவுகோலாக்குவோம்.

படி 1: எதை அளக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

நாலுகால் விலங்கின் உயரம் என்றால் தோள் உயரம். முன்காலின் குளம்பிலிருந்து, முதுகும் கழுத்தும் சேரும் மேட்டின் உச்சி வரை. தலை கணக்கில் வராது, கொம்பும் வராது. தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், தோள் ஆடாது என்பதுதான் காரணம். மூஸின் உயரம் பத்தடி என்பவர்கள், நிமிர்ந்து நிற்கும்போது கொம்பு நுனி வரை சேர்த்துச் சொல்கிறார்கள். தோள் உயரம் என்று பார்த்தால் பெரும்பாலான மூஸ்கள் 1.4 முதல் 2.1 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் தலை உச்சி வரை சொல்வது வழக்கம். வளர்ந்த ஆண் ஐந்து மீட்டரைத் தாண்டும். கரடிக்குச் சில இடங்களில் பின்காலில் எழுந்து நிற்கும் உயரத்தைக் கொடுப்பார்கள். இந்த எண்களை மூஸின் தோள் உயரத்துக்குப் பக்கத்தில் எழுதினால் சார்ட்டே தப்பு. உயரம் என்று ஓர் எண் கண்ணில் பட்டதும், எங்கிருந்து எங்கே வரை என்று கேட்காமல் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2.1 மீட்டர் என்றால் எவ்வளவு? உங்கள் வீட்டு வாசற்கதவின் நிலையை டேப் வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலான ஃபிளாட்டுகளில் ஏழடி, அதாவது ஏறக்குறைய 2.1 மீட்டர் இருக்கும். அலாஸ்காவின் மிகப் பெரிய ஆண் மூஸின் தோள் அந்த மேல் சட்டத்தைத் தொடும். கழுத்தும் தலையும் அதற்கும் மேலே.

படி 2: எந்த மூஸ் என்று கேளுங்கள்

மற்ற படிகளைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். 'மூஸின் எடை' என்று ஒரே எண் கிடையாது.

ஆணா, பெண்ணா? ஆண் ஏறக்குறைய 380 முதல் 700 கிலோ வரை, பெண் 200 முதல் 490 கிலோ வரை. எந்த ஊர் மூஸ்? அலாஸ்காவிலும் பக்கத்து யூக்கானிலும் இருப்பவைதான் மிகப் பெரியவை. வட அமெரிக்காவிலேயே சிறியவை தெற்கே வயோமிங், யூட்டா மலைகளில் வாழும் ஷைராஸ் வகை. குளிர் கூடக் கூட ஓர் இனத்தின் உடல் பெரிதாக இருப்பது பல பாலூட்டிகளில் காணப்படும் போக்கு. உடல் பெரிதானால், உள்ளே இருக்கும் கனத்தோடு ஒப்பிடும்போது வெளித்தோலின் பரப்பு குறைவு, அதனால் சூடு மெதுவாகத்தான் வெளியேறும். அப்படியானால் வெயில் தேசத்து யானை ஏன் மூஸைவிடப் பெரியது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். இந்த விதி ஒரே இனத்துக்குள்ளோ, நெருங்கிய இனங்களுக்குள்ளோ ஒப்பிடத்தான் உதவும். யானை வேறு குடும்பம். அது தன் சூட்டை வெளியேற்றக் காதையே விசிறியாக்கிக் கொண்டது.

எந்த மாதத்தில் எடை போட்டார்கள்? ஆண் மூஸ் கோடை முழுக்கத் தின்று செப்டம்பர் தொடக்கத்தில் உச்ச எடையில் இருக்கும். அதன்பின் இணைசேரும் பருவம். அந்த நாட்களில் ஆண் ஏறக்குறைய தீனியையே மறந்துவிடும். பருவம் முடியும்போது உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கரைந்திருக்கும். ஆகஸ்ட் மூஸும் நவம்பர் மூஸும் ஒரே விலங்குதான் என்றாலும் எடை வேறு.

அடுத்தது, பலரும் கவனிக்காத இடம்: உயிரோடு இருக்கும் எடையா, வெட்டிச் சுத்தம் செய்த எடையா? ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளில் மூஸ் வேட்டை சட்டப்படி நடக்கிறது. அங்கே குடல், தோல், தலை, கால்கள் நீக்கிய பிறகுதான் எடை போடுவது வழக்கம். அது உயிர் எடையில் சுமார் பாதி. ஸ்வீடன் மூஸ் 200 கிலோ என்று ஓர் எண் கிடைத்தால், அது சுமார் 400 கிலோ மூஸாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, சராசரியா, சாதனை அளவா? யூக்கானில் 1897-இல் சுடப்பட்ட ஒரு மூஸ் 820 கிலோ, தோள் உயரம் 2.33 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அது நூற்றாண்டுக்கு ஒன்று. மூஸின் சாதனை அளவை எடுத்தால் கடமானின் சாதனை அளவையும் எடுங்கள், சராசரியை எடுத்தால் இரண்டுக்கும் சராசரியை எடுங்கள்.

பெயரிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஐரோப்பியர்கள் 'எல்க்' என்றால் மூஸ். அமெரிக்கர்கள் 'எல்க்' என்றால் அது வாபிட்டி என்ற வேறு மான், சராசரி ஆண் 320 கிலோதான். எண்ணை எடுக்குமுன் எந்த நாட்டு ஆள் எழுதியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: டெல்லியில் கிடைக்கும் அளவுகோல்கள்

மதுரா ரோடில் பழைய கோட்டையை ஒட்டியிருக்கும் தேசிய உயிரியல் பூங்கா 1959-இல் திறக்கப்பட்டது. மெட்ரோவில் நீல வழித்தடத்தில் சுப்ரீம் கோர்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். வெள்ளிக்கிழமை விடுமுறை. பறவைக் காய்ச்சல் போன்ற காரணங்களுக்காக இடையில் மூடுவதும் உண்டு, ஆகவே கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சிவெயிலில் போனால் எல்லாம் நிழலில் படுத்திருக்கும், தோள் உயரம் எடுக்க முடியாது. காலையில் கதவு திறந்ததுமே போய்விடுங்கள்.

அங்கே முதலில் நிற்க வேண்டிய இடம் கடமான் அடைப்பு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மிளா என்று சொல்வது இதைத்தான். இந்தியாவின் பெரிய மான். வளர்ந்த ஆண் பொதுவாக 1.3 முதல் 1.5 மீட்டர் உயரம், 200 கிலோவுக்கு மேல். புள்ளிமான் தோள் உயரம் 90 செ.மீ. அளவில்தான் நிற்கும், ஆண் 70 முதல் 90 கிலோ.

அளக்கும் முறை எளிது. விலங்குக்குப் பக்கத்தில், அதே தூரத்தில், உயரம் தெரிந்த ஒரு பொருள் வேண்டும். தீனித் தொட்டி, கம்பம், உள்ளே வேலை செய்யும் ஊழியர், எது வேண்டுமானாலும் சரி. பக்கவாட்டில் நிற்கும்போது, போனை விலங்கின் நடு உடம்பு உயரத்தில் பிடித்துப் படம் எடுங்கள். வீட்டுக்கு வந்து பிரின்ட் போட்டு ஸ்கேல் வைத்து அளங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன்: படத்தில் கம்பம் 6 செ.மீ., அதன் உண்மையான உயரம் 1.5 மீட்டர் என்றால், படத்தில் ஒரு செ.மீ. என்பது 25 செ.மீ. கடமானின் குளம்பிலிருந்து தோள் வரை 5.4 செ.மீ. வந்தால் அதன் உயரம் 1.35 மீட்டர். கம்பம் விலங்குக்கு நாலடி முன்னாலோ பின்னாலோ இருந்தால் கணக்கு கெட்டுவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்கு வெளியிலும் அளவுகோல் இருக்கிறது. ஜேஎன்யூ வளாகத்தில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள், விடுதிச் சாலையில் நீல்காய் குறுக்கே போவது அங்கே சாதாரணம். ஆரவல்லித் தொடரின் வால் போல டெல்லிக்குள் நீளும் ரிட்ஜ் காட்டிலும் அசோலா சரணாலயத்திலும் அவை உண்டு. ஆசியாவின் மிகப் பெரிய இரலை இனம் இது. ஆண் 1.2 முதல் 1.5 மீட்டர், எடை 200 கிலோவைத் தாண்டும். மயூர் விஹார்காரர்களுக்கு காஜிப்பூர் பால்பண்ணைப் பக்கம் முர்ரா எருமைகள் இருக்கவே இருக்கின்றன. முர்ரா கிடா ஏறக்குறைய 1.4 மீட்டர், 550 கிலோ. ஜனவரியில் கர்த்தவ்ய பாதையில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகங்கள் ஒத்திகைக்கு வரும். ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் தோள் 1.8 முதல் 2 மீட்டர், எடை 400 முதல் 600 கிலோ. டெல்லியில் நாம் பார்க்கக்கூடிய விலங்குகளில் உயரமும் எடையும் மூஸுக்கு மிக நெருங்கி வருவது இந்த ஒட்டகம்தான். மூஸை மனக்கண்ணில் கொண்டுவர வேண்டுமா, ஒட்டகத்தின் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

படி 4: உயரத்தையும் எடையையும் சேர்த்து வாசியுங்கள்

ஒரு விலங்கை அதே உருவ அமைப்போடு இருமடங்கு உயரமாக்கினால் எடை இருமடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து பெருகுவதுதான் காரணம். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் ஒப்பீட்டில் பாதி வேலை முடிந்தது.

1.4 மீட்டர் உயரம், 220 கிலோ எடையுள்ள கடமானை 2 மீட்டர் உயரத்துக்கு 'பெரிதாக்கி'ப் பாருங்கள். 2-ஐ 1.4-ஆல் வகுத்து, வரும் எண்ணை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் சுமார் 2.9. எடை ஏறக்குறைய 640 கிலோ. உண்மையான பெரிய மூஸின் எடையும் அந்தப் பக்கம்தான். 1.9 மீட்டர், 500 கிலோ ஒட்டகத்தைப் பெரிதாக்கினால் 580 கிலோ. அதுவும் பொருந்துகிறது. இப்போது முர்ரா கிடாவை அதே 2 மீட்டருக்கு உயர்த்துங்கள்: 1,600 கிலோ! மூஸ் அந்தப் பக்கமே வராது. அப்படியென்றால் மூஸின் உயரத்தில் பெரும்பங்கு கால். உடம்பு உயரத்தில் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. முழங்கால் ஆழப் பனியிலும் சேற்றிலும் ஏரிக்கரையிலும் நடந்து, உயரக் கிளைகளின் இலையைத் தின்னும் விலங்குக்கு அந்தக் கால்தான் பிழைப்பு. கழுத்து குட்டை, அதனால் தரையில் இருக்கும் புல்லை மேய்வது அதற்குச் சிரமம்.

இந்தக் கணக்கோடு மற்ற பெரிய பாலூட்டிகளைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்களுக்குக் கொடைக்கானல், குன்னூர், வால்பாறைப் பக்கம் பழக்கமான காட்டுமாடு (காட்டெருமை என்றுதான் அங்கே சொல்வார்கள்) ஆண் 1.7 மீட்டர் அளவில் நின்று 800, 900 கிலோ போடும். பெரிய கிடாக்கள் ஒரு டன்னைத் தாண்டும். மூஸைவிடக் குட்டை, மூஸைவிட வெகு கனம். அமெரிக்கக் காட்டெருதான் வட அமெரிக்காவின் மிகக் கனமான தரைவிலங்கு, மிக உயரமானது மூஸ். இரண்டையும் ஒரே 'பெரியது' பட்டியலில் போட்டால் யார் முதலிடம் என்று சண்டை வரும். உயரம், எடை என்று இரண்டு பட்டியலாகப் பிரித்தால் சண்டைக்கு இடமே இல்லை. துருவக் கரடி ஆண் 350 முதல் 700 கிலோ, மூஸோடு சமமாக நிற்கும். ஒற்றைக்கொம்பன் காண்டாமிருகம் 2 டன்னுக்கு மேல். ஆசிய யானை ஆண் சராசரியாக 2.75 மீட்டர், 4 டன், அதாவது ஆறேழு பெரிய மூஸ்களின் எடை.

படி 5: கொம்பைத் தொடுமுன், எந்த வகைக் கொம்பு என்று பாருங்கள்

எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நின்று நிதானமாகப் போவோம்.

மாடு, எருமை, ஆடு, வெளிமான், நீல்காய் ஆகியவற்றின் கொம்பு வாழ்நாள் முழுக்க ஒன்றேதான். உள்ளே எலும்புக் குருத்து, அதன்மேல் நம் நகத்தில் இருக்கும் கெரட்டின் உறை. அடியிலிருந்து மெல்ல வளர்ந்துகொண்டே இருக்கும், உடைந்தால் போனது போனதுதான். பெரும்பாலும் கிளை பிரியாது. காண்டாமிருகக் கொம்பில் எலும்பே இல்லை, முழுக்கக் கெரட்டின்.

மூஸ், கடமான், புள்ளிமான் போன்ற உண்மையான மான்களின் கொம்பு வேறு. அது முழுக்க எலும்பு. ஒவ்வோர் ஆண்டும் விழுந்து, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக முளைக்கும். இதைக் கிளைக்கொம்பு என்று வைத்துக்கொள்வோம். ஆண்களுக்கு மட்டும்தான் உண்டு. பெண்ணுக்கும் கொம்பு முளைக்கும் ஒரே மான் இனம் ரெயின்டீர்.

மூஸின் ஓராண்டை வரிசையாகப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் கொம்பு விழுந்துவிடும், மண்டையில் இரண்டு குமிழ்கள் மட்டும் மிஞ்சும். வசந்தத்தில் அந்தக் குமிழிலிருந்து மெத்தென்ற ரோமத் தோல் போர்த்திய மொட்டு கிளம்பும். வெல்வெட் என்றே இதைச் சொல்கிறார்கள். அதற்குள் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும். தொட்டால் சூடு தெரியும், அடிபட்டால் வலிக்கும், ரத்தம் வரும். உச்ச வளர்ச்சியில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 செ.மீ. நீளும். பாலூட்டிகளின் உடம்பில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு இல்லை. ஆகஸ்ட் இறுதி, செப்டம்பரில் வளர்ச்சி நின்று ரத்த ஓட்டம் அடங்கும். மூஸ் புதரிலும் மரத்திலும் தேய்த்துத் தேய்த்து வெல்வெட்டை உரிக்கும். அந்த ஓரிரு நாட்கள் கொம்பிலிருந்து சிவந்த தோல் கந்தலாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதன்பின் வெளியே தெரிவது உயிரற்ற கெட்டி எலும்பு. சில மாதம் சண்டைக்கும் மிடுக்குக்கும் பயன்பட்டு, மறுபடி விழும்.

நன்கு வளர்ந்த அலாஸ்கா ஆணின் ஜோடிக்கொம்பு 25 கிலோ இருக்கும், மிகப் பெரியவை 35 கிலோ வரை போகும். 25 கிலோவை ஐந்து மாதத்தால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு சராசரியாக 160 கிராமுக்கு மேல் எலும்பு! இலையும் தழையும் நீர்ச்செடியும் தின்று அவ்வளவு சுண்ணாம்புச் சத்தை உடனுக்குடன் திரட்ட முடியாது. எனவே மான்கள் தம் விலா எலும்பு போன்ற இடங்களிலிருந்தே சத்தை உருவிக் கொம்புக்குக் கொடுக்கும். அந்த நாட்களில் அவற்றின் எலும்புக்கூடு தற்காலிகமாக வலுவிழக்கும், பிறகு தீனியால் ஈடுகட்டிக்கொள்ளும். இப்படி உடம்பிலிருந்து எடுத்துச் செய்த கொம்பை ஆண்டு முடிவில் உதிர்த்துவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. நோயாளியும் பட்டினி கிடப்பவனும் பெரிய கொம்பு வளர்க்க முடியாது. பெரிய கொம்பு என்பது அந்த ஆண் அந்த ஆண்டு எவ்வளவு திடமாக இருந்தது என்பதற்கு எல்லோரும் பார்க்கும் சாட்சி. அதனால்தான் சிறிய கொம்புள்ள ஆண் பல நேரம் மோதாமலே விலகிப் போய்விடும். சமமான இரண்டு சேர்ந்தால் மோதல்தான், சில சமயம் கொம்புகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி இரண்டுமே செத்துப்போவதும் உண்டு.

இதில் பாதியை டெல்லியிலேயே நேரில் பார்க்கலாம். புள்ளிமானுக்குக் கொம்பு விழ ஒரே பருவம் என்று கிடையாது. ஆகவே ஒரே கூட்டத்தில் ஓர் ஆண் கெட்டிக் கொம்போடு நிற்கும், இன்னொன்று வெல்வெட் கொம்போடு நிற்கும், மற்றொன்று இப்போதுதான் கொம்பு விழுந்து மொட்டைத் தலையோடு நிற்கும். பூங்காவில் புள்ளிமான் அடைப்பின் முன் பத்து நிமிடம் நின்று, மூன்று நிலையையும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வெல்வெட் கொம்பின் நுனி உருண்டை, கெட்டிக் கொம்பின் நுனி வெளிறிக் கூர்மையாக இருக்கும். தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரியும்.

படி 6: கொம்பை எப்படி அளப்பது

புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கொம்பு ஒரு தண்டு, அதில் பொதுவாக மூன்று முனைகள். அடியிலிருந்து வெளிவளைவை ஒட்டி நுனி வரை டேப் ஓட்டினால் நீளம் கிடைத்துவிடும். புள்ளிமானுக்கு நன்கு வளர்ந்தால் 80, 90 செ.மீ. கடமானுக்கு ஒரு மீட்டரை எட்டும், தண்டும் தடிமன். மத்தியப் பிரதேசத்துக் கன்ஹாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாரசிங்காவுக்கு முனைகளே பத்துப் பன்னிரண்டுக்கு மேல். மணிப்பூரின் சங்காய் மானுக்கு முன்கிளையும் பின்தண்டும் ஒரே வில்லாக வளைந்து போகும். டெல்லி பூங்காவில் சங்காய் வளர்க்கிறார்கள், தவறாமல் பாருங்கள்.

மூஸின் கொம்பு இவை எதிலும் சேராது. அடித்தண்டு பக்கவாட்டில் கிளம்பிச் சற்று தூரத்தில் அகலத் தட்டாக விரியும். தட்டின் ஓரத்தில் விரல் போல முனைகள். முகத்துக்கு முன்னால் இன்னொரு சிறு தட்டு. அதனால் இதற்கு முதல் அளவு நீளம் இல்லை, விரிவு. ஒரு பக்கத்து வெளி ஓரத்திலிருந்து மறுபக்கத்து வெளி ஓரம் வரை நேர்கோட்டில். பெரிய அலாஸ்கா ஆண்களுக்கு 1.5 மீட்டருக்கு மேல், மிக அபூர்வமாக 2 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு.

அமெரிக்காவில் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப், வேட்டை விலங்குகளின் கொம்பை அளக்க ஒரு முறை வைத்திருக்கிறது. மூஸுக்கு அதில் அதிகபட்ச விரிவு, தட்டின் நீளம், தட்டின் அகலம், தண்டின் சுற்றளவு, முனைகளின் எண்ணிக்கை எல்லாம் சேரும். இரு பக்கமும் சமமாக இல்லையென்றால் அந்த வித்தியாசம் கழியும். கொம்பு 60 நாள் உலர்ந்த பிறகுதான் அதிகாரபூர்வ அளவு, பச்சைக் கொம்பு உலரும்போது சற்றுச் சுருங்குவதே காரணம். அலாஸ்கா-யூக்கான், கனடா, ஷைராஸ் என்று மூஸுக்கே மூன்று தனிப் பட்டியல். வேட்டையில் எனக்குத் துளியும் நாட்டம் இல்லை. ஆனால் ஒரு விலங்கை நியாயமாக அளப்பது எப்படி என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

அளக்கும் பாதையையும் கவனியுங்கள். காட்டு நீரெருமையின் கொம்புக்கு 4.24 மீட்டர் என்று ஒரு சாதனை அளவு உண்டு, 1955-இல் சுடப்பட்ட கிடா. அது ஒரு நுனியில் தொடங்கி வளைவோடு நெற்றி வழியாக மறு நுனி வரை போன அளவு. மூஸின் 2 மீட்டரோ காற்றில் நேர்கோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து எருமைக்கு இரண்டு மடங்கு என்று எழுதிவிடாதீர்கள்.

அங்குலத்தில் வரும் எண்களை 2.54-ஆல் பெருக்கினால் செ.மீ. பவுண்டை 0.45-ஆல் பெருக்கினால் கிலோ. அவ்வளவுதான்.

இப்போது மொட்டை மாடிக்குப் போங்கள், சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு. தரையில் 90 செ.மீ. கோடு போடுங்கள், புள்ளிமான் கொம்பு. அடுத்து 1 மீட்டர், கடமான். அதன் கீழே 1.6 மீட்டர், பெரிய மூஸின் விரிவு. அதற்கும் கீழே 3.6 மீட்டர். இது அழிந்துபோன ஐரிஷ் எல்க் என்ற ராட்சத மானின் கொம்பு விரிவு. பனியுகத்தில் ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை திரிந்தது. சைபீரியாவில் கடைசியாகக் கிடைத்த எலும்புகளின் வயது 7,700 ஆண்டு அளவில். தோள் உயரத்தில் அது பெரிய மூஸின் அளவுதான், ஆனால் கொம்பு 40 கிலோ. மரபணு ஆய்வில் அது மூஸுக்கு நெருக்கம் இல்லை, ஐரோப்பாவின் ஃபேலோ மானுக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்தது. முதல் இரண்டு கோடும் வளைவு நீளம், பின் இரண்டும் விரிவு என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். நான்காவது கோட்டின் ஒரு முனையில் ஒரு பிள்ளையையும் மறுமுனையில் இன்னொரு பிள்ளையையும் கை நீட்டச் சொன்னால், விரல்கள் எட்டாது.

படி 7: உடம்போடு வைத்துப் பாருங்கள்

கொம்பின் அளவை மட்டும் வரிசைப்படுத்தினால் இன்றிருக்கும் மான்களில் மூஸ்தான் முதலிடம். உடம்போடு ஒப்பிட்டால் வரிசை மாறும். 25 கிலோ கொம்பு, 600 கிலோ உடம்பு என்றால் சுமார் 4 சதவீதம். ரெயின்டீர் ஆணின் தோள் 1.2 மீட்டர் அளவில்தான், கொம்போ 1.3 மீட்டர் வரை போகும். உடல் அளவோடு பார்த்தால் வாழும் மான்களில் மிகப் பெரிய கொம்பு ரெயின்டீருக்குத்தான். நம் புள்ளிமானும் சளைத்ததில்லை, தோள் உயரத்துக்குச் சமமாகக் கொம்பு வளர்க்கும்.

எதிர்முனையில் நீல்காய். கடமான் அளவு உடம்பு, கொம்பு 20 செ.மீ. அளவில் இரண்டு முளை. சண்டை என்று வந்தால் ஆண் நீல்காய்கள் கழுத்தைக் கழுத்தோடு பின்னி ஒன்றையொன்று அழுத்தும். அதற்காகவே கழுத்திலும் முன்பக்கத்திலும் தோல் தடித்திருக்கும். ஆயுதம் கழுத்து என்றால் கொம்பில் செலவழிப்பானேன்? கடமானையும் நீல்காயையும் அடுத்தடுத்துப் பார்த்தால், உடம்பு பெரிதானால் கொம்பும் பெரிதாகும் என்ற எண்ணம் உடனே போய்விடும். சண்டை போடும் விதத்தையும் இணையைக் கவரும் விதத்தையும் ஒட்டித்தான் கொம்பு அமைகிறது.

சார்ட்டில் விகிதம் எழுதும்போது நீளத்தை நீளத்தோடு, விரிவை விரிவோடு மட்டும் சேருங்கள். மூஸையும் ஐரிஷ் எல்க்கையும் விரிவில் ஒப்பிடுங்கள். புள்ளிமான், கடமான், ரெயின்டீரை நீளத்தில் ஒப்பிடுங்கள். வயதையும் குறியுங்கள். மூஸின் கொம்பு ஐந்தாறு வயதில் நன்றாக விரியத் தொடங்கி, பத்து வயதையொட்டி உச்சம் தொட்டு, முதுமையில் மறுபடி சிறுக்கும்.

படி 8: படங்களைச் சோதியுங்கள்

லாரியைவிடப் பெரிய மூஸ், வீட்டைவிடப் பெரிய மூஸ் என்று குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் படம் வரும். இரண்டே கேள்வி போதும். விலங்கின் குளம்பும் பக்கத்துப் பொருளின் அடியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? பக்கத்தில் நிற்பதாகத் தெரியும் ஆள் உண்மையில் பத்தடி பின்னால் இருக்கிறாரா? படத்தில் மனிதனின் உயரத்தை 1.7 மீட்டர் என்று வைத்து மூஸின் தோளை அளந்து பாருங்கள். 2.3 மீட்டருக்கு மேல் வந்தால் படத்தில் ஏதோ கோளாறு.

விழுந்த கொம்பு கிடைத்தால்

விடுமுறையில் ராஜாஜி, கார்பெட், சரிஸ்கா என்று காட்டுப் பக்கம் போகும்போது, உதிர்ந்த புள்ளிமான் கொம்போ கடமான் கொம்போ தரையில் கிடக்கும். சார்ட்டோடு ஒட்டினால் அழகாக இருக்குமே என்று தோன்றும். எடுக்காதீர்கள். தானாக விழுந்ததாக இருந்தாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வைத்திருப்பது குற்றம். காட்டுக்கும் அது வேண்டும், முள்ளம்பன்றிகளும் மான்களும் சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கடித்துத் தின்னும். கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஸ்கேல் வைத்து, மேலிருந்து நேராக ஒரு படம், அடிப்பக்கத்தில் குமிழிலிருந்து கழன்ற சொரசொரப்பான வட்டத்துக்கு ஒரு படம், வெளிவளைவின் நீளம், முனைகளின் எண்ணிக்கை, தேதி, இடம். சார்ட்டுக்கு இவ்வளவு போதும்.